மானியம் மலை ஏறட்டும்

(சேலத்தில் நுகர்வோர் கூட்டம் ஒன்றில் பேசியது. மைக் கோளாறையும் இடையில் வந்த டீயையும் நீக்கிவிட்டேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விடுமுறை நாளிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, ஏற்காட்டிலிருந்து விடியற்காலையில் இறங்கி வந்திருக்கும் காபித் தோட்டத்துப் பெரியவர்களே, வாழ்நாளெல்லாம் மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன் என்று இன்றுவரை அவர் என்னைப் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன், மீதியைத் தலைவர் ஐயாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். சேலத்து மே மாத வெயிலில் சால்வை போர்த்தினீர்கள். கூடவே ஒரு பை மல்கோவாவும் கொடுத்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘மாற்று எரிபொருள் வாகனங்களும் அரசு நிதியும்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். நான்கு செய்திகள் சொல்லலாமென்று எழுதி வந்தேன். ஒன்று, மின்சார வண்டி மானியம். இரண்டு, நம் ஜவ்வரிசி ஆலைக் கழிவிலிருந்து எடுக்கும் எரிவாயு. மூன்று, எத்தனால். நான்கு, ஹைட்ரஜன். நான்கையும் சொல்லி முடிப்பேனா என்று தலைவர் ஐயா கவலைப்படுவது முகத்திலேயே தெரிகிறது.

எங்கள் அப்பாயி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். “ஆத்துல போட்டாலும் அளந்து போடு.” அரசுப் பணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பொருளாதாரமெல்லாம் அந்த ஒரு வரிதான்.

எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்போம். மின்சார வண்டிக்கு மானியம் கொடுக்க மத்திய அரசு 2015 ஏப்ரலில் ஃபேம் திட்டத்தைத் தொடங்கியது. 2019 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் 10,000 கோடி ரூபாயோடு வந்து, அப்புறம் 11,500 கோடியாக ஏறி, 2024 மார்ச்சில் முடிந்தது. 2024 அக்டோபர் 1 முதல் பி.எம். இ-டிரைவ், அதற்கு 10,900 கோடி. ஸ்கூட்டருக்கு 2021 ஜூனில் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய் என்று அள்ளிக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் அது 10,000 ஆனது. இ-டிரைவ் வந்த முதல் வருடம் 5,000. அடுத்த வருடம் 2,500, அதிலும் ஒரு வண்டிக்கு மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கவில்லை.

அள்ளிக் கொடுத்த காலத்தில் என்ன நடந்தது? உள்நாட்டில் செய்த பாகங்களைப் போட வேண்டும் என்ற நிபந்தனையை மீறி மானியம் வாங்கினார்கள் என்று சொல்லி, ஏழு நிறுவனங்களிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டு அரசே பின்னால் அலைய வேண்டி வந்தது. போட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்கி அளந்த கதை இது. அளந்து போடு என்றுதானே அப்பாயி சொன்னது?

இன்னொரு கணக்கும் உண்டு. போக்குவரத்து அலுவலக ஐயா இருக்கிறார், தவறாக இருந்தால் கையை உயர்த்தட்டும். 15 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் வாங்கினால் தமிழ்நாட்டில் சாலை வரி 18 சதவீதம். அதாவது 2,70,000 ரூபாய். அதே விலையில் மின்சாரக் கார் வாங்கினால் வரி கிடையாது, முழு விலக்கு. ஸ்கூட்டர்காரருக்கு 5,000, கார்காரருக்கு இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பக்கம். பஸ்ஸில் போகிற அம்மாவுக்கு? (ஐயா கையை உயர்த்தவில்லை.)

இந்த இடத்தில் என் மச்சினன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அவன் இங்கே வரவில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். மானியம் கொழித்த சமயத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, “மாமா, இந்த மாசம் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆச்சு?” என்பான். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவனே கணக்குப் போட்டு அவனே சிரிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு வேண்டுதல் என்று மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஒரு பை நிறைய புளிசாதமும் வடகமும். கோரிமேடு தாண்டும்போது சார்ஜ் எண்பது சதவீதம். அடிவாரம் வந்ததும் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இனி இதில்தான் என்று மனைவியிடம் அறிவித்திருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இவன் ஐந்தாவதில் அறிவிப்பை நிறுத்திவிட்டான். அறுபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. பத்தாவது வளைவில் முப்பத்து ஐந்து. அதற்கு மேல் வண்டி இவன் பேச்சைக் கேட்கவில்லை, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, “நான் இறங்கிக்கறேன், நீங்க மெதுவா வாங்க” என்று இறங்கி நடந்தது. அடுத்த வளைவில் அந்த அம்மா முன்னால், ஸ்கூட்டர் பின்னால். பார்த்துக்கொண்டிருந்த குரங்கு ஒன்று நிதானமாக நடந்து வந்து, ஓடும் வண்டியிலிருந்து புளிசாதப் பையை எடுத்துக்கொண்டு போனது. ஓடும் வண்டி என்று சொல்வது மச்சினன். ‘ஓடியிருந்தால் குரங்கு எப்படி எடுக்கும்?’ என்பது அவன் மனைவியின் கேள்வி. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எப்படியோ ஒரு டீக்கடைக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். “அக்கா, ஒரு பிளக் கிடைக்குமா?” “போனுக்காங்க?” “இல்லக்கா, வண்டிக்கு.” கடைக்கார அம்மா வண்டியைப் பார்த்தது, இவனைப் பார்த்தது. “போனுக்குப் பத்து ரூபா வாங்கறேன். இதுக்கு என்ன வாங்கறதுன்னு நீயே சொல்லு கண்ணு.” இவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது ரூபாய், பஜ்ஜிக்குத் தனி. ஏறியது அரை யூனிட் மின்சாரம். வீட்டில் ஐந்து ரூபாய்கூட ஆகாது. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், மலைமேல் வேறு யாரும் அவனுக்குப் பிளக் கொடுக்கவில்லையே. 2023 மார்ச்சில் 7,432 வேக சார்ஜிங் நிலையங்கள் அமைக்க மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. அன்று என் மச்சினனுக்குக் கிடைத்தது பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்துப் பிளக்தான்.

வேண்டுதலை முடித்துவிட்டுச் சாயங்காலம் இறங்கினார்கள். மேலே பன்னிரண்டு சதவீதம் இருந்தது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருபது வளைவும் இறங்கி அடிவாரத்துக்கு வந்து பார்த்தால் பதினேழு! அங்கிருந்தே எனக்குப் போன். “மாமா, யாரோ நம்ம வண்டிக்குச் சார்ஜ் போட்டிருக்காங்க!”

சிரிக்கிறீர்கள். நான் இன்று சொல்ல வந்ததே அந்தப் பதினேழில்தான் இருக்கிறது. மின்சார வண்டி சரிவில் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆளோடு சேர்த்து 12 டன் எடையுள்ள ஒரு சிறிய பேருந்தை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 40 யூனிட் வேண்டும். உருளும் செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும். டீசல் பேருந்து இறங்கும்போது என்ன திரும்ப வருகிறது? பிரேக் கருகும் வாசனை வருகிறது. ஓட்டுநர் அண்ணன் தலையாட்டுகிறார் பாருங்கள்.

ஒரு நுணுக்கமும் உண்டு. மலைமேல் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், வழியில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிவைக்க இடம் இருக்காது. ஆகவே சார்ஜிங் கூடம் அடிவாரத்தில் இருக்க வேண்டும். மலைமேல் ஏரிக்கரையில் கட்டி ரிப்பன் வெட்டினால் படம் நன்றாக வரும், பேருந்துக்குப் பிரயோஜனம் குறைவு.

பேருந்துக்கு அரசு பணம் கொடுக்காமல் இல்லை. இ-டிரைவ் திட்டத்தில் 14,028 மின்சாரப் பேருந்துகளுக்கு 4,391 கோடி ரூபாய் இருக்கிறது. யாருக்கு என்றால், 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 9 பெருநகரங்களுக்கு. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். 2011 கணக்கெடுப்பில் நாம் எட்டு லட்சத்துச் சொச்சம், ஆகவே வாசலிலேயே நிற்கிறோம். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பி.எம். இ-பஸ் சேவா வேறு. அது 10,000 பேருந்துகளுக்கு 20,000 கோடி ரூபாய் மத்திய உதவி தரும் திட்டம், 3 லட்சம் முதல் 40 லட்சம் வரை உள்ள நகரங்களுக்கு. மக்கள்தொகைப்படி பார்த்தால் நமக்கென்றே தைத்த சட்டை. அதில் எனக்குப் பிடித்தது, பேருந்து வாங்குவதற்கென்று மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் கைகழுவாமல், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பத்து வருடம் உதவுவது. ஓடினால் காசு, ஷெட்டில் நின்றால் இல்லை. அப்பாயி இருந்திருந்தால், அளந்து போடத் தெரிந்தவன் ஒருவனாவது டெல்லியில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கும்.

மாநில அரசும் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலியோடு சேலத்தையும் முன்னோடி நகரம் என்று எழுதியிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. நாட்டுக்கு ஸ்கூட்டர் செய்து கொடுக்கும் ஓசூரும் போச்சம்பள்ளியும் நமக்கு வடக்கே கூப்பிடு தூரம். ஆனால் மலைக்கு?

ஏற்காட்டில் அறுபதுக்கு மேற்பட்ட மலைக்கிராமங்கள். செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை, தலைச்சோலைப் பக்கம் போய்ப் பாருங்கள். காபி பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிக்கப் வண்டியில் ஆடு மாடுபோல நின்றுகொண்டு போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு பஸ் தவறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. சனி, ஞாயிறு பாருங்கள், அடிவாரத்திலிருந்து கார் மேல் கார். கோடை விழா சமயத்தில் ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதையாக்க வேண்டியிருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததுபோல, ஒருநாள் நமக்கும் வரும். அதற்கு முன்பே நாம் வழி செய்துகொள்ளலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு மீட்டர், ஒன்பது மீட்டர் நீளத்தில் சின்ன மின்சாரப் பேருந்துகள். அடிவாரத்தில் கார் நிறுத்த ஓர் இடமும், பக்கத்திலேயே சார்ஜிங் கூடமும். சனி ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகள் காரைக் கீழே விட்டு, நல்ல கட்டணம் கொடுத்து அதில் ஏறட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை அதே பேருந்துகள் மலைக்கிராமங்களுக்குள் ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை வருமானம் புதன்கிழமை நஷ்டத்தைத் தாங்கும். குறைகிறதை அரசு கிலோமீட்டர் கணக்கில் அளந்து போடட்டும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தை மலைக்கு நீட்டினாலும் சரி, இ-பஸ் சேவாவில் கேட்டு வாங்கினாலும் சரி. எந்தக் கதவு திறக்கிறதோ அதில் நுழைவோம்.

தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘ஐந்து நிமிடம்’. இதே சீட்டைப் போன பேச்சாளருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது செய்தி, ஜவ்வரிசி. ஆத்தூர் சாலையில் போகும்போது மூக்கைப் பொத்துகிறோமே, மரவள்ளிக் கழிவுநீர், அதை மூடிய தொட்டியில் புளிக்கவைத்தால் சாண எரிவாயு போல வாயு வரும். பல ஆலைகள் அதை வைத்தே தங்கள் ஜெனரேட்டரை ஓட்டுகின்றன. அந்த வாயுவைச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால் வண்டி ஓட்டலாம். மத்திய அரசு 2018 அக்டோபரில் ‘சதத்’ என்ற திட்டத்தில் இப்படி 5,000 ஆலைகள் வேண்டுமென்று இலக்கு வைத்தது. இதற்கே ஒரு தனிக் கூட்டம் வேண்டும். ஆலை உரிமையாளர்கள் யாராவது மண்டபம் எடுத்துக் கொடுத்தால் நான் வரத் தயார், சால்வை வேண்டாம். எத்தனாலையும் ஹைட்ரஜனையும் அன்றைக்கே வைத்துக்கொள்வோம்.

தீர்மானத்தைப் படித்துவிடுகிறேன். ‘ஏற்காடு மலைப்பாதையிலும் மலைக்கிராமங்களிலும் மின்சாரச் சிற்றுந்துகளை இயக்கவும், அவற்றுக்கான சார்ஜிங் கூடத்தை அடிவாரத்தில் அமைக்கவும், ஓடும் கிலோமீட்டர் அடிப்படையில் நிதி ஒதுக்கவும் மத்திய, மாநில அரசுகளை இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது.’ முன்மொழிவது நான். வழிமொழிய ஓட்டுநர் அண்ணன் எழுந்துவிட்டார், நன்றி. கையெழுத்துத் தாள் பின்வரிசையிலிருந்து வருகிறது. மலையிலிருந்து வந்தவர்கள் ஊர் பெயரையும் எழுதுங்கள், எந்த ஊருக்குப் பஸ் என்று கேட்டால் காட்ட வேண்டும். பேனா மூன்றுதான் இருக்கிறது, பாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள். நாலரை மணி ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் போடுங்கள். வணக்கம்.