இணையத்தில் பெண் வெறுப்பு: யாருடைய வலியைப் பேசுகிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் பெண்கள் மேல் கொட்டப்படும் வசைகளைப் பற்றியும், பெண்ணியம்தான் ஆண்களின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று சொல்லித் திரளும் கூட்டங்களைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில், "பாவம், அந்தப் பையன்களும் தனிமையில்தானே வாடுகிறார்கள், அவர்களுக்கு என்ன வழி?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். நியாயமான கேள்விதான். ஆனால் வசை வாங்கிய பெண்ணுக்கு என்ன வழி என்று அதே அக்கறையோடு யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சரி, முதலில் அந்தத் தனிமையைப் பேசிவிடுவோம். 'இன்செல்' (விரும்பியும் துணை கிடைக்காதவர் என்று பொருள்) என்று இன்று சொல்லப்படும் கூட்டத்தின் ஆரம்பம் பலருக்குத் தெரியாது. 1990களின் பிற்பாதியில் கனடாவில் ஓர் இளம்பெண், துணை கிடைக்காமல் தவிப்பவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். ஆண்களும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள், ஒருவருக்கொருவர் ஆறுதல் சொன்னார்கள். பிறகு அவர் அதிலிருந்து விலகிவிட்டார், அவர் வைத்த பெயர் மட்டும் வேறு ஆட்களின் கைக்குப் போனது. இது எப்படி நடந்திருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இந்த மாதிரி இடத்தில் வாழ்க்கை கொஞ்சம் சீரானவர் கிளம்பிப் போய்விடுவார், திரும்பி வந்து "எனக்குச் சரியாகிவிட்டது, உனக்கும் ஆகும்" என்று சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை. மிஞ்சுகிறவர்கள் கசந்துபோனவர்கள், புதிதாக உள்ளே வரும் பதினாறு வயதுப் பையனுக்கு அவர்கள்தான் அண்ணன்மார், அவர்கள் சொல்வதுதான் பாடம். அவனுடைய வலி நிஜம். அந்த வலிக்கு அவர்கள் சொல்லும் காரணம் பொய். பெண்கள் எல்லோரும் சேர்ந்து உனக்குச் சேரவேண்டியதைப் பறித்துக்கொண்டார்கள் என்று சொல்லித்தருகிறார்களே, அங்கேதான் விஷமே இருக்கிறது, ஏனென்றால் இன்னொரு மனுஷியின் அன்பு யாருக்கும் 'சேரவேண்டிய' சொத்து இல்லை.

இந்தக் கூட்டங்களில் இருக்கும் பெரும்பாலானோர் யாரையும் அடிக்கப் போவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 2014இல் கலிபோர்னியாவின் இஸ்லா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்றவன் பெண்கள் மேலுள்ள வெறுப்பைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்துவிட்டுத்தான் போனான், அவனை இணையத்தில் வீரனாகக் கொண்டாடினார்கள். 2018இல் டொரான்டோவில் மக்கள் மேல் வேனை ஏற்றியவன் அதற்குச் சற்று முன்பு அந்தக் கலிபோர்னியா கொலையாளியைப் புகழ்ந்து பதிவு போட்டிருந்தான். ஆகவே "வெறும் பேச்சுதானே" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இதில் பணம் இருக்கிறது. பெண்களை மட்டம்தட்டிப் பேசி இணையத்தில் பேர்வாங்கிய ஆண்ட்ரூ டேட் பெயர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பணம் சம்பாதிப்பது எப்படி என்று மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் பயிற்சி நடத்தியவர் அவர். அதில் சேர்ந்தவர்களே அவருடைய பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினார்கள், அதைப் பார்த்துப் புதிதாக ஆள் சேர்ந்தால் பரப்பியவருக்குக் கமிஷன். எந்தத் துண்டு அதிகம் கோபமூட்டுமோ அதைத்தானே போடுவார்கள்? 2022 ஆகஸ்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எல்லாம் அவரைத் தடைசெய்தன, ஆனால் அதற்குள் அந்தத் துண்டுகள் கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டுவிட்டன. உங்கள் மகனோ தம்பியோ அந்த மாதிரி ஏதாவது சொன்னால் உடனே கத்தாதீர்கள், இந்த ஆள் எதை விற்கிறார், நீ இதை நம்பினால் யாருக்குக் காசு என்று கேளுங்கள். பையன்களுக்கு ஏமாறுவது பிடிக்காது.

தடைசெய்தால் கருத்துச் சுதந்திரம் என்னாவது என்பார்கள், வேறு இடத்துக்குப் போய் இன்னும் மோசமாவார்கள் என்றும் பயமுறுத்துவார்கள். இணையத்தில் விவாதக் குழுக்களுக்கு இடம் தரும் ரெடிட் நிறுவனம் 2017 நவம்பரில் இன்செல் குழுவை மூடியது. வேறு தளத்துக்குப் போனவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, பதிவுகளும் புதிதாகச் சேர்பவர்களும் குறைந்திருந்தது தெரிந்தது. அதே ஆய்வில் பார்க்கப்பட்ட இன்னொரு குழுவில், இது அரசியல் குழு, மிஞ்சியவர்களின் பேச்சு இன்னும் கடுமையாகியிருந்தது. இரண்டும் உண்மை. வழிதவறி உள்ளே வரும் அந்தப் பதினாறு வயதுப் பையனை நினைத்து, வாசல் சிறிதாவதே நல்லது என்பேன்.

சுதந்திரம் என்று பேசும்போது யாருடைய சுதந்திரம் என்றும் பார்க்கவேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசியலிலும் பத்திரிகைத் துறையிலும் இருந்த 778 பெண்களுக்கு 2017இல் வந்த ட்விட்டர் பதிவுகளை அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் 7.1 சதவீதம் வசை, அல்லது அதை ஒட்டிய தொந்தரவு. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் இதற்கு ஆளாகும் வாய்ப்பு 84 சதவீதம் அதிகம். தினமும் இதை வாசித்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் எழுதுவாள்? அவள் நிறுத்திக்கொண்டால் அதை யாரும் தடை என்று சொல்வதில்லை, அவளாகவே போய்விட்டாள் என்பார்கள்.

புகார் கொடுக்கச் சொல்கிறோம், கொடுக்கவும் வேண்டும், ஆனால் பெரும்பாலும் புகாரை ஒரு பதிவு ஒரு பதிவாகத்தான் பார்க்கிறார்கள். "உன் தெரு எனக்குத் தெரியும்" என்று ஒருவன், வெறும் சிரிப்புக் குறி போடும் இன்னொருவன், அவள் பழைய படத்தைத் தேடி எடுத்துப் போடும் மூன்றாமவன் என்று நூறு பேர் வருவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பல பதிவுகள் விதியை மீறாது, எல்லாம் சேர்ந்து ஒரே இரவில் வரும்போது அது தாக்குதல். அதை மொத்தமாக ஒரே புகாராக ஏற்று, கூடி வந்தவர்கள் எல்லோர் மேலும் நடவடிக்கை எடுக்கும் வழியை இந்தத் தளங்கள் செய்துதர வேண்டும். அதுவரை, உங்களுக்குத் தெரிந்த பெண் மேல் இப்படி ஒரு கூட்டம் பாய்ந்தால், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் வேலையையும் புகார் கொடுக்கும் வேலையையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதை எல்லாம் அவளே உட்கார்ந்து திரும்ப வாசிக்கும்படி விடாதீர்கள்.