கையெழுத்து எந்த ஊரில் விழுகிறது?

அவைத் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் பெரியோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு ரோம் நகரில் எந்தக் கட்டடத்தில் இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பழைய காரகல்லா குளியல் மண்டபங்களின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரிய கட்டடம், இத்தாலிய ஆப்பிரிக்க அமைச்சகத்துக்காக முசோலினி காலத்தில் திட்டமிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் பிடித்து வைத்திருந்த நாடுகளை ரோமில் உட்கார்ந்தபடியே ஆள்வதற்கான இடம் அது. போர் முடிந்தது, காலனிகள் கைவிட்டுப் போயின, கட்டடம் மட்டும் மிஞ்சியது. 1945 அக்டோபர் 16 அன்று கனடாவின் கியூபெக் நகரில் பிறந்து, சில ஆண்டுகள் வாஷிங்டனில் இருந்த வேளாண் அமைப்பு, 1951-இல் ரோமுக்கு வந்து அங்கே குடியேறியது. 1937-இல் எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து பெயர்த்து வரப்பட்ட கல்தூண் அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது; எத்தனையோ ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2005-இல்தான் அது ஊர் திரும்பியது. அந்தத் தூண் போய்ச் சேர்ந்த எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் இன்று இதே அமைப்பின் துணை வட்டார அலுவலகம் ஒன்று இருக்கிறது. இது தற்செயல்தான், இதை வைத்துத் தத்துவம் பேச வரவில்லை. ஆனாலும், தொலைவிலிருந்து ஆள்வதற்குக் கட்டிய வீட்டிலிருந்து வேலையைக் களத்துக்கு நகர்த்துவது எப்படி என்ற கேள்வி அந்த அமைப்பை எழுபது ஆண்டுகளாக விடாமல் துரத்துகிறது என்பது உண்மை.

அமைப்பின் சாசனத்தில் பத்தாவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வட்டார அலுவலகங்களையும் துணை வட்டார அலுவலகங்களையும், உறுப்பு நாடுகள் எல்லாம் கூடும் மாநாட்டின் ஒப்புதலோடு தலைமை இயக்குநர் ஏற்படுத்தலாம். தனித்தனி நாடுகளோடு தொடர்பு வைத்துக்கொள்ள அந்தந்த அரசின் இசைவோடு அலுவலர்களை நியமிக்கலாம். சாசனம் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது. அலுவலகம் திறக்கலாம் என்கிறதே தவிர, திறந்த அலுவலகத்துக்கு என்ன அதிகாரம் என்று அது சொல்லவில்லை. இன்று நான் பேச விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

வரைபடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பு நாடுகள் 190-க்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் தனி உறுப்பினர். ரோமுக்குக் கீழே ஐந்து வட்டார அலுவலகங்கள்: ஆப்பிரிக்காவுக்கு அக்ரா, ஆசியா மற்றும் பசிபிக்குக்கு பாங்காக், ஐரோப்பாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் புடாபெஸ்ட், லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் சாண்டியாகோ, அண்மைக் கிழக்குக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் கெய்ரோ. அவற்றுக்குக் கீழே ஹராரே, லிப்ரவில், அங்காரா, பிரிட்ஜ்டவுன், துனிஸ், அபியா போன்ற நகரங்களில் துணை வட்டார அலுவலகங்கள். அவற்றையும் தாண்டி நாட்டு அலுவலகங்கள். 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமைப்புக்கு ஏதாவதொரு வடிவில் இருப்பு உண்டு. ஜெனீவா, நியூயார்க், பிரஸ்ஸல்ஸ் போன்ற இடங்களில் உள்ள தொடர்பு அலுவலகங்கள் வேறு வகை. அவற்றின் வேலை வயலில் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில்.

நாட்டு அலுவலகம் என்ற ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1970-களின் நடுப்பகுதிவரை, பல நாடுகளில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அலுவலகத்தில் மூத்த வேளாண் ஆலோசகர் என்ற பெயரில் ஒருவர் அமர்ந்திருப்பார். வேளாண் அமைப்பின் பிரதிநிதி என்ற தொப்பியையும் அவரே போட்டுக்கொள்வார். ஒண்டுக்குடித்தனம் என்றே சொல்லலாம். லெபனானைச் சேர்ந்த எடுவார் சவுமா 1976-இல் தலைமை இயக்குநரானபோது இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்தார். அமைப்புக்கே சொந்தமான நாட்டுப் பிரதிநிதிகளை அனுப்ப அனுமதி வாங்கினார். அவர்கள் கையில் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும் என்று தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கினார். இந்த இரண்டாவது காரியம்தான் முக்கியமானது என்பது என் கணிப்பு. பணமில்லாத பிரதிநிதி விருந்துகளில் கைகுலுக்கலாம். அமைச்சர் வந்து உதவி கேட்டால் ரோமுக்குக் கடிதம் எழுதலாம். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஆனால் அந்தப் பணத்துக்கான கையெழுத்து மட்டும் நெடுங்காலம் ரோமிலேயே தங்கிவிட்டது. ஒரு நாட்டின் வேளாண் அமைச்சகம் கேட்கும், பிரதிநிதி பரிந்துரைப்பார், கோப்பு ரோமுக்குப் போகும், கேள்விகளோடு திரும்பும், பதிலோடு மறுபடியும் போகும். இந்தத் திட்டத்தில் ஒரு பணிக்கு உச்சவரம்பு 5 லட்சம் டாலர். சர்வதேச அளவுகோலில் இது சிறிய தொகைதான். சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய பயணம். 2010 முதல்தான் அந்த நிதியின் பெரும்பகுதியை ஒதுக்கும் அதிகாரம் வட்டார, துணை வட்டார, நாட்டு அலுவலகங்களுக்கு இறங்கியது. ஆட்கள் களத்துக்குப் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் கையெழுத்து அவர்களைத் தேடி வந்தது என்று பொருள்.

அந்த மாற்றத்துக்குத் தூண்டுகோல் 2007-இல் வெளிவந்த சுயேச்சையான வெளி மதிப்பீடு. அமைப்பின் தலைமையகத்துக்கும் களத்துக்கும் இடையிலான பிளவை அது மறைக்காமல் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் உறுப்பு நாடுகள் சிறப்பு மாநாடு கூட்டி உடனடிச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றன. அதன்படி வட்டார மாநாடுகளும் அமைப்பின் ஆளுகைக்குள் வந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலைந்த கூட்டங்களின் அறிக்கைகள், பிறகு முறைப்படி அமைப்பின் நிர்வாக மன்றத்துக்கும் உறுப்பு நாடுகளின் மாநாட்டுக்கும் போகத் தொடங்கின. இதில் இன்னொரு கூறும் உண்டு. அதே 2008-இல் புடாபெஸ்டில் பகிர்வுச் சேவை மையம் ஒன்று திறக்கப்பட்டது. சம்பளக் கணக்கு, பயணப்படி, பணியாளர் ஒப்பந்தப் பதிவு போன்ற அன்றாட அலுவல்களை உலகம் முழுவதற்கும் ஒரே இடத்தில் செய்வது அதன் நோக்கம். முடிவெடுக்கும் வேலை கீழே இறங்கும் அதே வேளையில், பதிவேட்டு வேலை ஓரிடத்தில் குவிகிறது. இதை முரண்பாடு என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைப் பரப்ப வேண்டும், எதைக் குவிக்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் பரவலாக்கம். எல்லாவற்றையும் சிதறடிப்பதற்குப் பெயர் வேறு.

ஒரு நாட்டு அலுவலகத்தின் மேசைக்கு அருகில் சென்று பார்ப்போம். வெள்ளத்தால் பயிர் அழிந்த பகுதிக்கு விதை கொடுக்க ஒரு திட்டம் ஒப்புதலாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப் பிரதிநிதி அதன் பட்ஜெட் பொறுப்பாளர். செலவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எந்த ரகம், எவ்வளவு முளைப்புத்திறன், என்ன விதைச் சான்று என்ற விவரக் குறிப்புகளுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுப்பவர் வேறொருவர். அவர் துணை வட்டார அலுவலகத்தில் இருக்கலாம், ரோமிலும் இருக்கலாம். நிதி தந்த நாட்டோடு பேசுபவர் மூன்றாமவர். ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அதற்கென்று கையேட்டில் விதி இருக்கிறது. தொகை பிரதிநிதியின் வரம்பைத் தாண்டினால் கோப்பு மேலே போகும். விதை வந்தபின் முளைப்புச் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் தட்டில் ஈரத்துணிக்கு நடுவே வைத்த நூறு விதைகளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமல் உழவர் கையில் கொடுப்பது பாவம். இந்த ஒவ்வொரு படியும் நியாயமானதே. எதையும் எடுத்தெறிந்துவிட முடியாது. ஆனால் மழை இவற்றில் எதற்கும் காத்திருப்பதில்லை. விதைப்புப் பருவம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் நல்ல விதை, உணவாகச் சமைக்கப்படும் அல்லது சந்தையில் விற்கப்படும். தணிக்கையாளர் அந்தக் கோப்பைப் புரட்டினால் ஒரு குறையும் தென்படாது.

ஆகவே, எத்தனை நாட்டில் அலுவலகம் இருக்கிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் எவ்வளவு தொகைக்குக் கையெழுத்திடலாம் என்று திருப்பிக் கேளுங்கள். அலுவலகம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவனாகிவிடுவேன். பாலைவன வெட்டுக்கிளி. அரபுத் தீபகற்பத்தின் ரூப் அல் காலி பாலையில் 2018-ஆம் ஆண்டு மேயிலும் அக்டோபரிலும் அடித்த இரண்டு புயல்கள் மழையைக் கொட்டின. ஆளரவமற்ற மணற்காட்டில் வெட்டுக்கிளிகள் மூன்று தலைமுறை பெருகின. பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. 2019-இன் முடிவில் அவை கென்யாவுக்குள் நுழைந்தபோது, அந்த நாடு எழுபது ஆண்டுகளாக அப்படியொரு படையெடுப்பைக் கண்டிருக்கவில்லை. எழுபது ஆண்டு என்றால், முன்பு பார்த்தவர்களில் பணியில் இருப்பவர் எவரும் இருக்க முடியாது. இத்தகைய அறிவை ஒரு நாட்டு அலுவலகத்தில் வைத்துக் காப்பாற்ற இயலாது. அங்கே அது பயன்படாமலே மறந்துபோகும். அதனால்தான் வெட்டுக்கிளித் தகவல் சேவை ரோமில் மையமாக இருக்கிறது. பாலையில் வண்டியை நிறுத்தி இறங்கும் களப்பணியாளர், மண்ணைக் கிளறி ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார். செடி பச்சையாக இருக்கிறதா, காய்கிறதா என்று குறிக்கிறார். இறக்கை முளைக்காத குஞ்சுகள் எந்தப் பருவத்தில் இருக்கின்றன என்று கவனித்து, கையடக்கக் கணினியில் தட்டுகிறார். அது செயற்கைக்கோள் வழியே அவருடைய நாட்டின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது, அங்கிருந்து ரோமுக்கு, ரோமிலிருந்து முன்னறிவிப்பாக எல்லா நாடுகளுக்கும் திரும்புகிறது. மருந்து அடிப்பதா, எங்கே, எப்போது என்ற முடிவு அந்தந்த நாட்டினுடையது. இடையில் கெய்ரோவையும் அல்ஜியர்ஸையும் மையமாகக் கொண்ட வட்டார ஆணையங்கள் பயிற்சியையும் ஒருங்கிணைப்பையும் பார்த்துக்கொள்கின்றன. என் பார்வையில், இந்த அமைப்பு செய்த ஏற்பாடுகளிலேயே சரியான விகிதத்தில் அமைந்தது இதுதான்: அறிவு குவிந்திருக்கிறது, கண்ணும் கையும் பரவியிருக்கின்றன.

பணத்தின் கதையையும் தொட்டாக வேண்டும். 2022–23 ஈராண்டுக்கு அமைப்பு திட்டமிட்ட மொத்தத் தொகை சுமார் 325 கோடி டாலர். அதில் உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் பங்கு 31 விழுக்காடு. மீதி 69 விழுக்காடு, கொடுப்பவர் விரும்பிக் கொடுப்பது. விரும்பிக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டத்துக்கு என்று வரும். இதன் விளைவு நாட்டு அலுவலகத்தில்தான் தெரியும். நிலையான சம்பளத்தில் இருப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கலாம். சுற்றிலும் திட்டப் பணியாளர்கள். திட்டம் முடியும் மாதத்தில் மேசைகள் காலியாகும். பிரதிநிதியின் நேரத்தில் பெரும்பகுதி அடுத்த திட்டத்துக்கு நிதி தேடுவதில் போகும். அரசோடு கையெழுத்திட்ட நாட்டுத் திட்டச் சட்டகம் என்ற ஆவணம் ஒன்றைச் சொல்லும். நிதி கொடுப்பவரின் விருப்பம் இன்னொன்றைச் சொல்லும். எது நடக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். அலுவலக இடத்தையும் உள்ளூர்ச் செலவில் ஒரு பங்கையும் அலுவலகம் இருக்கும் நாட்டின் அரசே ஏற்பது வழக்கம் என்பதால், அரசிடம் பணமில்லாத நாட்டில் அலுவலகமும் அதற்கேற்ப இளைத்திருக்கும். உதவி அதிகம் தேவைப்படும் நாடும் பெரும்பாலும் அதுவே.

சிறிய நாடுகளுக்கு வேறு வழி. சமோவாவின் அபியாவில் உள்ள துணை வட்டார அலுவலகம் 14 பசிபிக் தீவு நாடுகளைக் கவனிக்கிறது. கடல் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக சில வேளை மூன்றாவது நாட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 14 அலுவலகம் திறந்தால் பணம் முழுவதும் வாடகைக்கும் காவலாளிக்கும் போய்விடும். ஒன்றாகச் சேர்த்து வைத்தால், மீன்வளம் தெரிந்தவர், பயிர் நோய் தெரிந்தவர், உணவுச் சட்டம் தெரிந்தவர் என்று நாலு பேரையாவது ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கலாம். ஒப்பந்தம் போட ஒரு தீவு நாடு சில வாரம் காத்திருப்பது அதற்குக் கொடுக்கும் விலை. இந்த விலை ஏற்கத்தக்கது என்றே நான் நினைக்கிறேன். வேறு கருத்துள்ளவர்களும் அவையில் இருக்கக்கூடும்.

2019 ஜனவரி முதல் இன்னொரு கயிறும் வந்து சேர்ந்தது. ஐ.நா. சபையின் சீர்திருத்தப்படி, ஒவ்வொரு நாட்டிலும் ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் பதவி ஐ.நா. வளர்ச்சித் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்து நின்றது, எல்லா ஐ.நா. நிறுவனங்களும் அவரோடு சேர்ந்து வகுக்கும் ஒத்துழைப்புச் சட்டகத்திலிருந்தே தத்தம் திட்டங்களை எடுக்க வேண்டும். ஆக வேளாண் அமைப்பின் நாட்டுப் பிரதிநிதி மேலே வட்டார அலுவலகத்துக்கும், பக்கவாட்டில் ஒருங்கிணைப்பாளருக்கும், எதிரே வேளாண் அமைச்சருக்கும், தொலைபேசியில் நிதி கொடுப்பவருக்கும் பதில் சொல்கிறார்.

அந்தப் பிரதிநிதியும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். போனவருக்கும் வருபவருக்கும் இடையில் சில மாதங்கள் நாற்காலி காலியாகவே கிடப்பதும் உண்டு. அப்போது அலுவலகத்தை நடத்துபவர் பெரும்பாலும் அதே நாட்டைச் சேர்ந்த துணைப் பிரதிநிதி. அமைச்சகத்தில் எந்தக் கோப்பு எந்த அறையில் உறங்குகிறது, சென்ற வெள்ளத்தின்போது வந்த விதையில் எது முளைக்கவில்லை, எந்த மாவட்டத்தில் உழவர் சங்கம் சொன்னால் நடக்கும் என்பதெல்லாம் ரோமின் கணினியில் இல்லை, அவர் நினைவில் இருக்கிறது. புதியவர் வந்திறங்கி, வெளியுறவு அமைச்சரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கப் போகும்போது உடன் அழைத்துச் செல்பவரும் அவரே. அதுவரை, இடைக்காலப் பொறுப்பாளர் என்ற முத்திரைக்கு மேலே விழும் கையெழுத்து அவருடையது.