கொம்பு பெரிதாக இருந்தால் கோபமா?

(மதுரையில் பள்ளி ஆசிரியர்களும் உளவியல் படிக்கும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கொண்டுவரவில்லை, அது வரைந்த பையனுடையது. அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர், பதினோரு வயசு. வகுப்பில் யாரிடமும் பேசுவதில்லை என்று கூட்டி வந்திருந்தார்கள். படம் வரையவைத்து மனசின் தொந்தரவுக்கு உதவும் கலைவழிச் சிகிச்சையில் நான் அப்போதுதான் பயிற்சி முடித்திருந்த நேரம். தாளும் கிரேயானும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு காளை வரைந்தான். தாளில் முக்கால்வாசி காளைதான். கொம்பு இரண்டும் சிவப்பு, தாளின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன. நான்கு கால்களும் தரையைத் தொடவில்லை. மூலையில் ஒரு முளைக்குச்சி, அதில் அறுந்த கயிறு.

என் நோட்டில் எழுதினேன்: 'பெரிய கொம்பு, அழுத்தமான சிவப்பு – அடக்கிவைத்த கோபம். கால் தரையில் இல்லை – பாதுகாப்பில்லாத உணர்வு.' எழுதி முடித்தபோது தொழில் கைவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் அவனிடம் கேட்டேன், "இது யாரு தம்பி?"

"எங்க அய்யா வளர்த்த காளைக்கா. வித்துட்டாங்க."

கொம்பு ஏன் சிவப்பு? பொங்கலுக்கு அடித்த பெயின்ட். கால் ஏன் தரையில் இல்லை? "குட்டியானையில ஏத்திட்டாங்கல்ல." வண்டியைக் காணோமே? "அதை வரையப் பிடிக்கலை."

தாத்தா வளர்த்த காளையை வண்டியில் ஏற்றி அனுப்பியதைத் தாங்கமுடியாமல் ஒரு பிள்ளை வாயடைத்துப் போயிருக்கிறான். அவனைப் பற்றி நான் 'கோபம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாள் பள்ளிக்கூடத்து ஃபைலில் ஏறியிருந்தால் பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பெயர் அவனை விட்டிருக்காது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கலைவழிச் சிகிச்சையின் கோட்பாடுகளைப் பற்றி நான் அடிக்கடி சந்திக்கும் தப்பான எண்ணம் இதுதான்: கோட்பாடு என்றால் அகராதி. கறுப்பு என்றால் சோகம், மரத்தில் பொந்து என்றால் பழைய காயம், பெரிய கண் என்றால் சந்தேகம். செல்போனில் படம் எடுத்துவந்து "எம் பொண்ணு இப்படி வரையுறா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பயிற்சி வகுப்பே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

1967-இல் அமெரிக்காவில் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற உளவியலாளர் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். மனித உருவம் வரையச்சொல்லும் சோதனையில் எந்த அம்சம் எந்த மனநிலையைக் காட்டும் என்று முதலில் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டார்கள். கண் பெரிதாக இருந்தால் சந்தேக குணம் என்பது போன்ற பதில்கள் வந்தன. அடுத்து, இதில் எந்தப் பயிற்சியும் இல்லாத கல்லூரி மாணவர்களிடம் படங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தோடும் வரைந்தவருக்கு இருந்த தொந்தரவு என்று ஒரு வரி. ஆனால் எந்தப் படத்தோடு எந்த வரி என்பதை வேண்டுமென்றே ஒரு சம்பந்தமும் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். அப்படியிருந்தும் மாணவர்கள் அதே பதில்களைக் 'கண்டுபிடித்தார்கள்'. அந்தத் தொடர்பு படத்தில் இருக்கவே இல்லை. பார்த்தவர்கள் மனசில் முன்கூட்டியே இருந்தது.

இதை மதுரையில் நின்று யோசித்துப் பாருங்கள். மீன் போன்ற கண் உடையவள் என்று பெயரே வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை முகம் வரைந்தால் கண்ணைப் பெரிதாகத்தான் வரையும். அழகர்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒன்று வாசலில் மீசையும் அரிவாளுமாக ஒரு கறுப்பு ஆளை நிறுத்தினால் பட்டியல் என்ன சொல்லும்? ஆயுதம், வன்முறை, பயம். அந்தப் பிள்ளையைக் கேட்டால் "பதினெட்டாம்படிக் கருப்பசாமி, காவலுக்கு நிக்கிறாரு" என்று சொல்லும். நேர் எதிர் அர்த்தம்.

கீழடியில் ஒரு கீறல் போட்ட பானை ஓடு கிடைத்தால், எந்தக் குழி, எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்று குறிக்காமல் அதை வெளியே எடுப்பார்களா? ஓவியத்துக்கு அந்த அடுக்கு, வரைந்தவர் சொல்லும் வார்த்தை.

சரி, இந்த அகராதிப் பழக்கத்துக்கு ஃபிராய்டுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். நமக்கே தெரியாமல் மனசின் அடியில் கிடப்பதைப் பேச்சின் வழியே வெளியே கொண்டுவரும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்தவர் அவர். கலைச் சிகிச்சையே ஃபிராய்டு வழிதான் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. 'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தேறியவர். அதே காலத்தில் அமெரிக்காவில் உளப்பகுப்பாய்வு வழியில் இறங்கிய மார்கரெட் நௌம்பர்க், நினைத்தது போல வரையச்சொல்லி, அந்தப் படத்தைப் பார்த்து மனசில் என்ன தோன்றுகிறது என்று வரைந்தவரையே பேசவைத்தார். அர்த்தம் அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதாவது ஃபிராய்டு வழியில் வந்த முன்னோடியே அகராதியைப் புரட்டவில்லை.

ஈடித் கிரேமர் வேறு மாதிரி. வியன்னாவில் பிறந்து, 1938-இல் நியூயார்க் வந்தவர். தொந்தரவுக்குள்ளான சிறுவர்களோடு பல வருஷம் வேலை செய்தார். வரைகிற வேலைக்குள்ளேயே குணமாகும் சக்தி இருக்கிறது, எல்லாவற்றையும் பேசித்தான் தீர்க்கவேண்டும் என்பதில்லை என்றார்.

என் காளைப் படத்தை இவர்கள் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி யோசிப்பேன். நௌம்பர்க் "அந்தக் கயிற்றைப் பார்த்தால் உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டிருப்பார். கிரேமர் சிவப்பு கிரேயான் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சிகிச்சைக்கு வருகிறவரையே முன்னே போகவிட்ட உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்தவர்கள் அவன் போகிற வேகத்திலேயே கூடப் போயிருப்பார்கள். நினைப்பையும் நடந்துகொள்வதையும் மாற்றப் பார்க்கும் சிந்தனை–நடத்தை வழியில் வேலை செய்பவர், "உன்கிட்டச் சொல்லாம வித்தப்போ மனசுல என்ன நினைச்சே? அதை ஒரு கட்டத்துல வரை" என்று தொடங்கியிருப்பார். நான்கும் நான்கு கேள்விகள். என்ன கேட்பது, எப்போது கேட்காமல் இருப்பது என்று சிகிச்சை தருபவருக்குச் சொல்வதுதான் கோட்பாடு. பதில் பையனிடம் இருக்கிறது.

அப்படியானால் கோட்பாடே வேண்டாம், தாளைக் கொடுத்து விட்டுவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வண்ணம் தீட்டும் புத்தகம் மனசுக்கு இதம்தான், நானே தீட்டுவேன். ஆனால் கஷ்டத்தோடு வந்த ஒருவர் வரைந்துகொண்டே அழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தான் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். எல்லாக் கோட்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்பவர்களிடமும் இதையே கேட்பேன்: இந்தப் பிள்ளைக்கு, இந்த வாரம், ஏன் இது?

கிரேமர் 'மூன்றாவது கை' என்று ஒன்றைச் சொன்னார். வரைபவர் தடுமாறும் இடத்தில், நம் ரசனையைத் திணிக்காமல், அவர் நினைத்தது தாளில் வர உதவும் கை. எனக்கு அது புரிந்தது அந்தப் பையனிடம்தான். நான்காவது தடவை வந்தபோது அதே படத்தைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். காளையின் காலுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, வட்டம் எனக்குக் கோணலா வரும்" என்றான். நான் வரைந்து தரவில்லை. மேஜையில் இருந்த டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். அதைக் கவிழ்த்துவைத்து, சுற்றிக் கோடு இழுத்து, ஒரே ஒரு சக்கரம் போட்டான்.

"மிச்சத்தை அடுத்த வாரம் போடுறேன்க்கா" என்றான்.