இணைகோடுகளின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். வடிவியலைத் தாங்கி நிற்பவை வெட்டும் கோடுகளா, இணைகோடுகளா என்பது தலைப்பு. நான் இணைகோடுகளுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கோடுகள் வெட்டினால் ஒரு புள்ளி கிடைக்கிறது, நான்கு கோணங்கள் கிடைக்கின்றன, எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்ற உண்மையும் கிடைக்கிறது, ஆனால் எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று தொடாத இணைகோடுகள் நமக்கு என்ன தரும் என்றார். நல்ல கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

ஒரு தாளில் ஏதோ இரண்டு கோடுகள், இரண்டையும் வெட்டிக்கொண்டு ஒரு குறுக்குவெட்டி. மேலே நான்கு கோணம், கீழே நான்கு கோணம், மொத்தம் 8. மேலே ஒன்று 70° என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள மற்ற மூன்றையும் உடனே சொல்லிவிடலாம்: 110°, 70°, 110°. சரி, கீழே? ஒன்றுமே சொல்ல முடியாது. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அந்த இரண்டு கோடுகளும் இணை என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், ஒத்த கோணங்கள் (மேலும் கீழும் ஒரே மூலையில் இருப்பவை) சமம், ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (இரண்டு கோடுகளுக்கும் நடுவே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை) சமம் என்று அடுத்த நொடியே எட்டும் தெரிந்துவிடும். வெட்டியது குறுக்குவெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் தெரிந்ததை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனது இணைத்தன்மை.

அடுத்து வந்தவர் முக்கோணம் தங்கள் சொத்து என்றார். மூன்று கோடுகள் வெட்டிக்கொண்டால்தான் முக்கோணம், உண்மைதான். அதன் கோணங்களின் கூடுதல் 180° என்று எப்படி நிரூபிப்பீர்கள்? கோணமானியை வைத்து அளந்தால் ஒருமுறை 179 வரும், இன்னொரு முறை 181 வரும். உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரே ஒரு கோடு போடுங்கள். இடது அடிக்கோணம் ஒன்றுவிட்ட உட்கோணமாக மேலே ஏறி உச்சிக்கோணத்தின் இடப்பக்கம் வந்து உட்காருகிறது, வலது அடிக்கோணம் வலப்பக்கம் வந்து உட்காருகிறது, நடுவில் உச்சிக்கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்பிவிட்டன, அதுதான் 180°. பள்ளிக் கணக்கில் இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியாது.

செங்குத்துக் கோடுகளை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் தாளில் ஒரு கோட்டுக்கு இரண்டு செங்குத்துகள் வரைந்தால் அவை தங்களுக்குள் இணை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதே ஒன்றுவிட்ட கோணங்களை வைத்துத்தான் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். எகிப்தின் தெற்கே உள்ள சையீன் என்ற ஊரில் ஒரு நாள் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல், அதே நேரத்தில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நட்ட கோலின் நிழல் காட்டிய சாய்வு சுமார் 7.2°. சூரியக் கதிர்கள் இணை என்று கொண்டார், கோலைப் பூமியின் மையம் வரை மனதில் நீட்டினார், அப்புறம் அந்தக் கோடுதான் குறுக்குவெட்டி. மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணமும் அதே 7.2°, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கினார், முடிந்தது. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்துக் கோணத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தவை ஒன்றையொன்று தொடாத அந்தக் கதிர்கள்தான்.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. இணைகோடே இல்லாமல் எல்லாக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் ஓர் உலகம் இருக்கிறது: கோளத்தின் மேற்பரப்பு. அங்கே நேர்கோட்டின் இடத்தில் இருப்பவை பெருவட்டங்கள், அதாவது கோளத்தின் மையத்தையே தங்கள் மையமாகக் கொண்ட வட்டங்கள், எந்த இரண்டை எடுத்தாலும் சந்தித்தே தீரும். வட துருவத்தில் 90° இடைவெளியில் இரண்டு தீர்க்கக் கோடுகள் கிளம்பி நிலநடுக்கோட்டை அடையட்டும், முக்கோணத்தின் மூன்று கோணமும் செங்கோணம், கூடுதல் 270°. முக்கோணத்தைச் சிறிதாக்கினால் கூடுதலும் 180°-ஐ நோக்கிக் குறைந்துகொண்டே வரும், ஒரே எண்ணில் நிற்காது. வடிவம் மாறாமல் அளவை மட்டும் குறைப்பது அங்கே நடக்கவே நடக்காது, அதனால் வடிவொத்த முக்கோணம் என்ற பாடமும் அங்கே இல்லை. எதிரணி கேட்கும் வடிவியல் இதுதான்.

நன்றி, வணக்கம்.