முதலில் வாய் திறந்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அமெரிக்கத் தலைவர்களின் அந்தரங்க விவகாரங்களைப் படிக்கும்போது நான் ஊர் வாயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. முதலில் திறந்த வாய் யாருடையது என்றுதான் தேடுவேன். பல சமயம் அது பதவி கேட்டுக் கிடைக்காதவருடையதாகவோ, இருந்த பதவியைப் பறிகொடுத்தவருடையதாகவோ இருக்கும்.

1791-ஆம் ஆண்டு, பிலடெல்பியா. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வீட்டுக்கு மரியா ரெனால்ட்ஸ் என்ற இளம்பெண் வருகிறார். கணவன் கைவிட்டுவிட்டான், ஊருக்குப் போகப் பணம் வேண்டும் என்கிறார். அன்று மாலையே ஹாமில்டன் பணத்துடன் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போகிறார். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளில் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட கணவன் வந்து நிற்கிறான். ஆயிரம் டாலர் கொடுத்தால் ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்று பிழை மலிந்த ஒரு கடிதம் எழுதுகிறான். ஹாமில்டன் கொடுத்தார். டிசம்பர் 22 அன்று அறுநூறு, ஜனவரி 3 அன்று நானூறு. இரண்டுக்கும் ரசீது எழுதி வாங்கிக்கொண்டார்! மிரட்டிப் பணம் பறிப்பவனிடமே ரசீது கேட்ட மனிதரை நான் வேறெங்கும் படித்ததில்லை. நிதியமைச்சர் அல்லவா, கைப்பழக்கம் விடவில்லை.

அந்த ரெனால்ட்ஸ் 1792-இல் வேறொரு மோசடியில் பிடிபட்டான். அமைச்சரும் நானும் பங்காளிகள் என்கிற மாதிரி கதை கட்டினான். உண்மையா என்று கேட்க டிசம்பர் 15 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் மூவர் ஹாமில்டனைப் பார்க்க வந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மன்றோ அவர்களில் ஒருவர். ஹாமில்டன் கடிதக் கட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். அரசுப் பணத்தில் நான் கை வைக்கவில்லை, என் குற்றம் வேறு என்றார். கொஞ்ச நேரத்திலேயே வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. போதும், புரிந்துவிட்டது என்றார்கள். அவர் விடவில்லை, கடைசிக் கடிதம் வரை வாசித்து முடித்தார். மூவரும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு போனார்கள்.

ஆனால் காகிதங்களை நகலெடுக்கும் வேலை பிரதிநிதிகள் சபையின் எழுத்தர் ஜான் பெக்லியின் பொறுப்புக்குப் போயிருந்தது. நான்கரை ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 1797 மே மாதம் ஹாமில்டனின் கட்சிக்காரர்கள் பெக்லியை அந்தப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த சில வாரங்களில் எல்லாம் அச்சில் வந்துவிட்டது. பெக்லிதான் கொடுத்தார் என்பதற்குக் கையும் களவுமான சான்று இல்லை. ஆனாலும் வரலாற்றாசிரியர்கள் பலர் அவரையே சுட்டுகிறார்கள். ஹாமில்டன் சும்மா இருந்திருக்கலாம். அவரோ, திருடன் என்ற பெயர் போனால் போதும் என்று தன் கள்ள உறவை விவரித்துத் தொண்ணூற்றைந்து பக்கத்தில் புத்தகம் போட்டார். அப்போது அவர் மனைவி எலிசபெத் ஒரு கைக்குழந்தையின் தாய். நாணயத்தைக் காப்பாற்ற மனைவியின் மானத்தைச் செலவழித்தார் என்றுதான் நான் சொல்வேன்.

அச்சில் போட்டவர் ஜேம்ஸ் காலெண்டர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறார். ஜெஃபர்சனுக்காக எழுதிச் சிறைக்கும் போனவர் அவர். 1801-இல் ஜெஃபர்சன் ஜனாதிபதியானதும் ரிச்மண்ட் அஞ்சல் அதிகாரி வேலையைக் கேட்டார். கிடைக்கவில்லை. 1802 செப்டம்பரில், ஜெஃபர்சனுக்கு அவருடைய அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸிடம் பிள்ளைகள் உண்டு என்று பத்திரிகையில் எழுதிவிட்டார். அஞ்சல் அதிகாரி வேலை, நேயர்களே! கொடுத்திருந்தால் அவர் எழுதியிருப்பாரா? இதைக் கிசுகிசு வரிசையில் வைக்க எனக்குக் கூசுகிறது. மறுக்க உரிமையே இல்லாத பெண் அவர். ஜெஃபர்சன் பொதுவெளியில் பதிலே சொல்லவில்லை. 1998-இல் வந்த மரபணுச் சோதனை காலெண்டர் பக்கம் சாய்ந்தது.

என் கணக்குக்குள் அடங்காதது 1884 தேர்தல். ஜனாதிபதி வேட்பாளர் குரோவர் கிளீவ்லண்டுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு பிள்ளை என்று பஃபலோ நகரப் பத்திரிகை ஒன்று எழுதியது. தகவல் தந்தவர் ஒரு பாதிரியார். பதவி எதுவும் கேட்டவரல்ல. உண்மையைச் சொல்லுங்கள் என்று கிளீவ்லண்ட் தன் ஆட்களுக்குத் தந்தி கொடுத்தார், வென்றும்விட்டார். அந்தத் தாய் மரியா ஹால்பின்னைப் பிடித்து மனநல விடுதியில் வைத்த கதையைச் சொல்ல ஆசை, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்.

கிளிண்டனுக்கு இரண்டே நிமிடம்! சரி. ஜனாதிபதி கிளிண்டனுடன் உறவு கொண்டிருந்த, வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியின் தொலைபேசிப் பேச்சை 1997-இல் ரகசியமாகப் பதிவு செய்தவர் லிண்டா டிரிப். அவரும் முன்பு வெள்ளை மாளிகையில் வேலை பார்த்து, பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்கு மாற்றப்பட்டவர். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன், பார்த்தீர்களா? அந்த ஒலிநாடாக்கள் கிளிண்டனை விசாரித்துவந்த வழக்கறிஞர் கென்னத் ஸ்டார் கைக்குப் போயின. 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கிளிண்டன்மீது பதவிநீக்கக் குற்றம் சாட்டியது. 1999 பிப்ரவரியில் செனட் விடுவித்தது. இதேபோல் அந்தரங்க விவகாரத்தில் சிக்கிய ஜனாதிபதி வேட்பாளர் கேரி ஹார்ட் பற்றிக் குறிப்பெடுத்து வந்த தாள் அப்படியே இருக்கிறது. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.