எந்நேரமும் ரெண்டு பேர்: ஜப்பான்ல ஒரு மோர்மன் மிஷனரியோட நாள்

[திரையில்: ஜப்பானிய நகரத் தெரு. முன்னும் பின்னுமா ரெண்டு சைக்கிள்.]

வெள்ளைச் சட்டை, டை, தலையில ஹெல்மெட், நெஞ்சுல கறுப்பு பேட்ஜ். ரெண்டு பேருக்கும் 20 வயசு இருந்தா அதிகம். ஆனா பேட்ஜ்ல "எல்டர்"னு போட்டு, குடும்பப் பேரை மட்டும் எழுதியிருப்பாங்க. எல்டர்னா மூப்பர். மீசையே சரியா முளைக்காத மூப்பர்! பெண்கள்னா "சிஸ்டர்".

மோர்மன்கள்னு நாம சொல்றவங்களோட சபைக்கு முழுப்பேர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்சது. தலைமையிடம் இப்போ சால்ட் லேக் சிட்டி. இவங்களோட மிஷனரிகள் 70,000 பேருக்கு மேல உலகம் பூரா இருக்காங்க. பையன்களுக்கு 2 வருஷம், பெண்களுக்கு 18 மாசம். எந்த நாடுன்னு சபைத் தலைமைதான் முடிவு பண்ணும். சம்பளம் கிடையாது. குடும்பமோ, அந்தப் பையன் சேர்த்து வச்ச காசோதான் செலவுக்கு. அமெரிக்காவுல இருந்து போறவங்களுக்கு மாசம் 400 டாலரா இருந்தது, 2020-ல 500 ஆச்சு. செலவு அதிகமான டோக்கியோவுக்குப் போனாலும் அதே தொகைதான்.

[திரையில்: கடிகாரம், 6:30]

காலையில ஆறரைக்கு எழுந்திருக்கணும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. அப்புறம் வேதப் படிப்பு, ஜப்பானிய மொழிப் படிப்பு. ஜப்பானுக்குப் போற அமெரிக்கப் பையன் கிளம்புறதுக்கு முன்னாடி மொழிப் பயிற்சி எடுக்கிறது சில வாரம்தான். அதை வச்சுக்கிட்டு கடவுளைப் பத்திப் பேசணும்! கடையில முட்டை கேக்குறதே முதல்ல தகராறு. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குள்ள வீடு. பத்தரைக்கு விளக்கு அணைச்சாகணும். சினிமா, டிவி, காதல் எதுவும் கிடையாது.

இதையெல்லாம் ஹாஸ்டல் பையன் மாதிரி சமாளிச்சிடலாம். நிஜமான கஷ்டம் கம்பேனியன்தான்னு எனக்குத் தோணுது.

கம்பேனியன்னா கூடவே இருக்கிற இன்னொரு மிஷனரி. நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் தலைவர்தான் ஜோடி போடுவார். கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்துலயே ரெண்டு பேரும் இருக்கணும்ங்கிறது விதி. பாத்ரூமுக்கு விலக்கு உண்டு. மத்தபடி சமைக்கிறது, துவைக்கிறது, தூங்குறது எல்லாம் ஒண்ணா. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றல் அறிவிப்பு வரும். ஒத்துப்போகாத ஆள்னா, அந்த ஆறு வாரத்தை நாள் நாளா எண்ணுவாங்க. ஒருத்தன் தும்முறதுகூட இன்னொருத்தனுக்கு எரிச்சலாகும். பிரச்சனைன்னா அறையை விட்டு வெளியே போய் மூச்சு வாங்கலாம்னு பார்த்தா, அவனும் கூடவே வரணுமே!

[திரையில்: வீட்டு வாசல், கழட்டி வச்ச செருப்புகள்]

ஜப்பான்ல கதவு திறக்கிறதே அபூர்வம். அபார்ட்மென்ட்ல இன்டர்காம்லயே மரியாதையா "வேண்டாங்க"ன்னு முடிச்சிடுவாங்க. இது புதுசு இல்ல. 1901-ல ஹீபர் ஜே. கிரான்ட் தலைமையில நாலு பேர் முதல்முதலா அங்க போனாங்க. 1924-ல மிஷனை மூடுற வரைக்கும் 200 பேர்கூடச் சேரல. 1948-லதான் திரும்பத் திறந்தாங்க.

அதனால இப்போ ஃபேஸ்புக், ரயில் நிலைய வாசல், இலவச ஆங்கில வகுப்புன்னு வழி தேடுறாங்க. அந்த வகுப்புக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் மட்டும் போதும். மிஷனரிகளுக்கும் அது தெரியும்.

அபூர்வமா ஒரு பாட்டி உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. ஜப்பான்ல விருந்தாளி வந்தா உடனே வர்றது கிரீன் டீ. அங்கதான் சிக்கல். 1833-ல வந்த உணவுக் கட்டளைப்படி இவங்களுக்கு மது, புகையிலையோட டீ, காபியும் கூடாது. தேயிலையில போட்ட எந்த டீயும் கூடாது, கிரீன் டீ உட்பட. பாட்டி மனசு நோகாம எப்படி மறுக்கிறது? "முகிச்சா இருந்தா குடிக்கிறோம்"னு சொல்லித் தப்பிக்கலாம். வறுத்த பார்லியில போடுற பானம் அது, தேயிலை கிடையாது. கோடையில நிறைய வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஜில்லுனு இருக்கும்.

வாரத்துல ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் ஓய்வு மாதிரி. துணி, கடை, முடிவெட்டு, ஊர் சுத்தல் எல்லாம் அதுக்குள்ள. முன்னெல்லாம் வீட்டுக்கு ஃபோன் பேசுறது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியில இருந்து வாராவாரம் வீடியோ கால் பேசலாம். இத்தனை வருஷம் ஏன் காத்திருந்தாங்கன்னுதான் புரியல. 18 வயசுப் பிள்ளை, தெரியாத ஊர், பிடிக்காத கம்பேனியன். அவன் அம்மாகிட்ட பேசினா ஊழியம் கெட்டுப்போகுமா?

எல்லாரும் 2 வருஷத்தை முடிக்கிறதும் இல்ல. உடம்பு முடியாம, மனசு தாங்காம பாதியில திரும்புறவங்க உண்டு. மோர்மன் ஊர்கள்ல அது சின்ன விஷயம் கிடையாது. போகும்போது ஞாயிறு ஆராதனையில பேச வச்சு வழியனுப்பின அதே ஜனங்க, "என்னப்பா, சீக்கிரமே வந்துட்ட?"ன்னு கேப்பாங்க. உடம்பு சரியில்லாம வந்தவனும் வாராவாரம் அதுக்குப் பதில் சொல்லியாகணும்.