பத்துச் சீட்டுகள், ஒரே ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பேனா இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது, பூஜ்யம். மறுபடியும் சொல்கிறேன்: 3816547290. பத்து இலக்கங்களும் ஆளுக்கு ஒரு முறை வந்திருக்கின்றன.

இனிமேல்தான் விஷயமே. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால், 38165 ஐந்தால். இப்படியே பத்து வரை போங்கள், மீதியே வராது. பத்து இலக்கங்களையும் ஆளுக்கு ஒரு முறை வைத்து இப்படி அமையும் எண் இது ஒன்றுதான்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் இதைப் புதிராகச் சொல்லிவிட்டு, விடை சொல்லாமல் போய்விட்டார். பத்துத் துண்டுக் காகிதங்களில் இலக்கங்களை எழுதி மேசையில் பரப்பினேன். பத்துச் சீட்டுகளை 36,28,800 விதமாக அடுக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எப்போது முடிப்பது?

பார்க்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த வகுபடும் விதிகள் போதும். பத்தால் வகுபட வேண்டும், ஆகவே பூஜ்யம் கடைசியில். ஐந்தாவது இடத்தில் பூஜ்யமோ ஐந்தோ வர வேண்டும். பூஜ்யம்தான் போய்விட்டதே, ஆகவே ஐந்து. இரட்டைப்படை இடங்களில் இரட்டைப்படை இலக்கங்கள். அவை ஐந்து, இடங்களும் ஐந்து. மிச்ச இடமெல்லாம் ஒற்றைப்படைக்கு. ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை: ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45, எப்படி மாற்றி வைத்தாலும் ஒன்பதால் வகுபடும்.

அப்புறம் நான்கும் ஆறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நடு மூன்று இடங்களில் 258 அல்லது 654 மட்டுமே வரமுடியும். இதை நீங்களே செய்து பாருங்கள், நான் சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் போய்விடும். எட்டின் விதியையும் மூன்றின் விதியையும் வைத்ததும் மேசையில் மிஞ்சியவை பத்தே பத்து எண்கள். யோசித்துப் பாருங்கள், 36 லட்சத்திலிருந்து பத்து!

மிச்சம் ஏழு. ஏழுக்குச் சுலபமான விதி கிடையாது, உட்கார்ந்து வகுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பத்தில் ஒன்று எது தெரியுமா? 9876543210. ஒன்பதிலிருந்து வரிசையாக இறங்குகிற அதே எண்தான்! இரண்டு, மூன்று, எட்டு, பத்து என்று எல்லாவற்றுக்கும் சரியாக வருகிறது. ஏழில் மட்டும் 5 மீதி. எனக்கு அன்று மனசே கேட்கவில்லை, மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். மற்ற எண்களும் ஏழில் மீதி வந்து ஒவ்வொன்றாக விழுந்தன. 3816547ஐ வகுத்தேன்: 545221, மீதி இல்லை. சீட்டுகளைக் கலைக்க மனமில்லாமல் அன்று இரவு முழுக்க அப்படியே விட்டுவைத்தேன்.

நேரம் முடிகிறது. இலக்கங்கள் திரும்ப வரலாம் என்றால் இந்த வரிசை எவ்வளவு தூரம் போகும் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 25 இலக்கம் வரை போகும், அங்கே நின்றுவிடும். அந்த 25 இலக்க எண்ணும் ஒன்றே ஒன்றுதான்: 3608528850368400786036725. அதன் பின்னால் எந்த இலக்கத்தை வைத்தாலும் 26ஆல் வகுபடாது. வணக்கம்.